கடைசிக் குடம்

குடத்தின் வாய்க்கட்டை அவிழ்த்தான். உள்ளே ஏதோ நெளிந்தது.

தலைப்பிரட்டை.

சின்னதுதான், உளுந்து அளவு. வாலை ஆட்டிக்கொண்டு குடத்து நீரில் ஆனந்தமாய் வட்டமடித்தது.

யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

எதிரே, புலித்தோல் விரித்த பீடத்தில் தம்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஆற்று நீர் ஊற்றியாயிற்று. கடல் நீர் ஊற்றியாயிற்று. மிச்சம் இருப்பது பனிமலை உச்சியில் இருக்கும் பிந்துசரஸ் ஏரியின் நீர். அதை மட்டும் கூடப் பிறந்தவன் நடந்தே போய் முகந்து வந்து, தன் கையாலேயே ஊற்ற வேண்டும். அந்த நீர் எவன் தலையில் விழுகிறதோ அவன்தான் அரசன். மற்றதெல்லாம் வெறும் குளியல்.

பாணர்கள் இந்த நேரம் பார்த்துத்தானா அந்த ஏரியைப் பாட வேண்டும்?

மீன் இல்லாத நீராம். தவளை கத்தாத கரையாம். பனியைத் தவிர வேறொன்றும் பிறக்காத ஏரியாம். விடுவேனா என்று இழுத்து இழுத்துப் பாடினார்கள்.

நாசமாய்ப் போக, என்று பல்லைக் கடித்தான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த ஏரிக்கு அவன் போனது நிஜம். நியமப்படி முகந்ததும் நிஜம். ஒருவன் பிறவியில் ஒரு தடவைதான் அங்கே குடம் முக்கலாம். முக்கிக்கொண்டு கரையேறினான். சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

அப்போதுதான் நெஞ்சு கிடந்து குமைந்தது. மூத்தவன் நானல்லவா?

இடது கண் மட்டும் இருந்திருந்தால்! சின்ன வயதில் தம்பி விளையாட்டாய் விட்ட நாணல் அம்பு. ஊனமுள்ளவனுக்கு அரியணை கிடையாது என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எய்தவனுக்கு முடி, கண் போனவனுக்குக் குடம். ரொம்ப நல்ல நியாயம்.

ஆசை வெட்கம் அறியுமா? குடத்தைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

வானம் இடிக்கவில்லை. பூ மழை பெய்யவில்லை. தும்மல்தான் வந்தது.

காலிக் குடத்தைக் கனமாய்ச் சுமப்பதுபோல் மலை இறங்கினான். எதிர்ப்பட்டவர்களெல்லாம் அந்தக் குடத்தைக் கும்பிட்டார்கள். ஊர் எல்லையில், எருமைகள் கிடக்கும் குட்டையில் அவசர அவசரமாக முக்கி, வாயைத் துணியால் கட்டினான்.

"அண்ணா."

தம்பி நிமிராமலே முணுமுணுத்தான். பல் தந்தியடித்தது.

"குளிருதுண்ணா. சீக்கிரம் ஊத்திடு. நீ கொண்டுவந்த தண்ணி விழுந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பிடரி தெரிந்தது. தம்பியைக் குழந்தையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தபோது பார்த்த அதே பிடரி, அதே மச்சம்.

பொய் நீரில் முடி சூடியவன் அடுத்த மழையைப் பார்க்க மாட்டான். முடிசூட்டு நூல் அப்படித்தான் சொல்கிறது. வழியெல்லாம் அதை நினைக்காமலிருக்க என்னென்னவோ பாடுபட்டிருந்தான். இப்போது அது எதிரே வந்து நின்றது.

"ஊத்துங்க இளவரசே, நல்ல நேரம் போகுது" என்றார் புரோகிதர்.

தலைப்பிரட்டை இன்னொரு சுற்று வந்தது.

தூக்கினான். இறக்கினான். வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினான்.

விட்டுவிட்டான்.

மண்குடம் கல்தரையில் விழுந்து சிதறியது.

சபை 'ஐயையோ' என்றது. பிறகு ஆளுக்கொரு வாய்.

"வேணும்னே போட்டான், பாவி."

"பொறாமைய்யா, பொறாமை. ஒத்தைக்கண்ணன் புத்தி வேற எப்படிப் போகும்?"

சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தம்பி தலையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அண்ணனுக்கு அது போதும்.

தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரக்கல்லில், ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே, அது துடித்துக்கொண்டிருந்தது.

பாணர்கள் பாடியதைத் தம்பியும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்.

வேறு யாரும் பார்க்குமுன் தம்பி குனிந்து, அதை ஈரத்தோடு உள்ளங்கையில் அள்ளிக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான்.

"ஏரித் தண்ணி எங்கண்ணா?"

அண்ணன் காதுக்கு மட்டும் எட்டும்படி கேட்டான்.

பதிலுக்கு அண்ணனின் கைதான் தானாக மேலே போயிற்று. உச்சந்தலையைத் தொட்டு அங்கேயே நின்றது.

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு, பார்வையில்லாத அந்த இடது கண்ணை. அதைத்தான் வெகுநேரம் பார்த்தான்.

எழுந்தான். ஒரு கை மூடியபடியே இருந்தது. பீடத்தை விட்டு இறங்கி, மற்றக் கையால் புலித்தோலில் கிடந்த ஓட்டுச் சில்லைத் தட்டிவிட்டான்.

"உட்காருண்ணா" என்றான்.