நாற்பத்தொன்றாம் பூட்டு

கல்லூரி விடுதி மாடியில் நாற்பது அறைகள். சேருபவர்கள் சொந்தப் பூட்டு கொண்டுவர வேண்டும். வடமதுரைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து கௌசல்யா புதுப் பூட்டோடு வந்து நின்றாள்.

“அம்புட்டும் ஃபுல்லும்மா. தெனமும் பஸ்ல வந்துட்டுப் போ,” என்றார் வார்டன்.

“எங்க ஊர்ல முத பஸ்ஸே ஒம்பது மணிக்குத்தான் மேடம். கிளாஸும் ஒம்பதுக்கு. நான் திரும்பிப் போறதா இல்ல.”

பெட்டியோடு மாடி ஏறினாள். வார்டன் பின்னாலேயே ஓடினார். நாற்பதாம் அறைக்கு அடுத்து, நேற்றுவரை வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. கௌசல்யா பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

வார்டன் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். அந்தச் சுவருக்கு அப்பால் வானம்தான் இருந்தது.

மறுநாள் கௌசல்யா ஊரிலிருந்து வரும் அதே ஒன்பது மணி பஸ்ஸில் பதினொரு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தி கையிலும் விண்ணப்பம் இல்லை. பூட்டு இருந்தது.