கடைசி அட்டை

அருப்புக்கோட்டையில் ஒரு கிளினிக்கில், ஆளுமைக் கோளாறுக்கான சோதனை நடத்த வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து பஸ்ஸேறி வருவாள் தேவிபிரியா. படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வாள். கடைசி அட்டையில் மட்டும் படம் கிடையாது, வெறும் வெள்ளை. மனசில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும்.

அன்று முதலில் வந்த நரிக்குடிக்காரர் அதைப் பார்த்து, "கதவோரம் ஈரத்தலையோட ஒரு பொம்பள நிக்கிறா" என்றார். அடுத்து வந்த பாலவனத்தத்துப் பெண், "ஈரத்தலையோட ஒருத்தி மேசைகிட்ட வந்துட்டா" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த தேவிபிரியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

மூன்றாவதாகத் தறிக்காரர் வேங்கடபதி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமில்லையேம்மா."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"ஒங்க பின்னாடி நிக்கிற அம்மாவுக்கு ஒரு சேர் போடச் சொல்லுங்க" என்றார் அவர். "எம்புட்டு நேரந்தான் நிப்பாக?"