புதுத் துப்பாக்கிக்குப் போன பித்தளைக் கூடு

ஒரு பித்தளைத் தோட்டாக் கூடு இருந்தது. ஒருமுறை வெடித்த சூட்டில் அது விரிந்து, தன் துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறைக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் உருவத்துக்கு வந்திருந்தது. பிறகு அந்தத் துப்பாக்கி கைமாறிப் போய்விட்டது. புதிதாக வந்த துப்பாக்கிக்குள் கூடு பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"உன் தோள் இடிக்குதப்பா. என்னால கதவைச் சாத்த முடியல," என்றது புதுத் துப்பாக்கி.

கூட்டை ஒடுக்கிச் சிறிதாக்க, எண்ணெய் பூசி, எஃகு அச்சுக்குக் கீழே நிறுத்தினார்கள். அங்கே கீறல் விட்ட கூடுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்து அது அச்சிடம் கேட்டது.

"நானும் கீறல் விட்டுடுவேனா?"

"எனக்குத் தெரியாது. அழுத்துறதுதான் என் வேலை. தாங்குறது உன் உடம்பு," என்றது அச்சு.

அச்சு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கியது. பித்தளை முனகியது, ஒடுங்கியது, ஆனால் கீறல் விடவில்லை.

மருந்தும் குண்டும் ஏற்றிக்கொண்டு புதுத் துப்பாக்கிக்குள் போனபோது கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அடுத்த கணம் நெருப்பு! கூடு மறுபடி விரிந்து, புது அறையின் சுவரெங்கும் ஒட்டி நின்று, அத்தனை வெடிப்பையும் தாங்கியது.

துப்பாக்கி வெளியே தள்ள, புல்லில் வந்து விழுந்ததும் தன் புது உடம்பைப் பார்த்தது.

"இத்தனை உருவமும் எனக்குள்ளயா இருந்துச்சு?" என்றது கூடு. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.