உள்தாழ்ப்பாள்

மனநல மருத்துவமனைக்குத் திட்டம் போடுகிற எந்த அதிகாரியும் பத்து நாள் அங்கே நோயாளியாகத் தங்க வேண்டும். அவரை வெளியே விட நோயாளிகள்தான் கையெழுத்துப் போடுவார்கள். 2051-இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த இயக்குநர் திலகவதி அம்மாவே முதல் ஆளாக எங்கள் வார்டுக்கு வந்தார். நான் அங்கே வார்டு உதவியாளர்.

பதினோராம் நாள் காலை, மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்ப அம்மா பட்டுச்சேலையில் நின்றார். கையெழுத்துப் போட வேண்டியவர் இருபத்திரண்டு வருஷமாக உள்ளே இருக்கும் சவரிமுத்து.

"குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் ஏன் இல்ல மேடம்?"

"பாதுகாப்புன்னு நான்தான் வேண்டாம்னேன்."

"பத்து நாளா எப்படிக் குளிச்சீங்க?"

"பயந்து பயந்துதான்."

"அப்ப போட்டுட்டுக் கிளம்புங்க."

அம்மா போனை எடுத்து, எல்லா மனநல மருத்துவமனைக்கும் தாழ்ப்பாள் போடச் சொன்னார். அரை மணி நேரத்தில் நாடு முழுக்கத் தாழ்ப்பாளுக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது என்றால் பாருங்கள். எங்கள் கதவுக்குத் தச்சர் திருகாணி முடுக்க, அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"சரியா இருக்கான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று சவரிமுத்து துண்டோடு உள்ளே போய்த் தாழிட்டார். இரண்டு லாரித் தண்ணீர் குளித்தார், கூடவே பாட்டு. நல்ல நேரம் முடியப் போகிறதே என்று நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டாதீங்க. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கட்டும்."