தம்பியின் சுத்தியல்

"கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு. இன்னிக்கு அவன் பட்டறைக்குப் பூட்டுதான்."

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். அவள் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பியின் தகரப் பட்டறை. காலையிலிருந்து டங் டங்கென்று ஓயாத அடி.

ஒரு காலத்தில் இது ஒரே வீடு. அப்பா போனபின் பட்டறை யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு, நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் காறித் துப்புவார்கள். அந்த ஒற்றுமை மட்டும் மிச்சம்.

இவருக்குக் கொஞ்ச நாளாக ரத்த அழுத்தம் திடீர் திடீரென்று எகிறி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. மாத்திரை தவறுவதில்லை. உப்பையும் குறைத்தாயிற்று. எப்போது ஏறுகிறது என்று வீட்டிலேயே அளந்து பாருங்கள், காரணம் தானாகப் பிடிபடும் என்று டாக்டர் இந்தக் கருவியை வாங்கச் சொன்னார்.

காரணம் இவருக்குத் தெரியாதாக்கும்! அந்தப் பயல் தன் உயிரை வாங்கவே சுவரை ஒட்டி உட்கார்ந்து அடிக்கிறான். அவன் அடிக்கும்போதே அளந்து, எண்ணோடு நகராட்சிக்கு மனு எழுதிப் போட்டால் முடிந்தது கதை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தெருவுக்கு வரட்டும்.

பட்டை உப்பி, மெல்ல இறங்கியது.

நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது.

அவள் சொல்லவே பயந்தாள். சொன்னதும், கட்டத் தெரியவில்லை என்று அவளுக்கும், அவளைக் கட்டிக்கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. மறுபடி கட்டினாள். இப்போது இன்னும் இரண்டு குறைவு. இப்படித் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷனுக்கு இது எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை.

அப்போது அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

வேலை முடிந்து நின்ற மாதிரி இல்லை. பாதி அடியில் நின்றது.

அவள் அப்பாடா என்று மூச்சு விட்டாள். அவர் விடவில்லை. பார்வை சுவரிலேயே இருந்தது. திட்டும் நின்றுபோயிருந்தது.

கழற்றப் போனவள் என்னவோ தோன்றி பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினாள்.

நூற்று எண்பத்தாறு.

மாமனாரின் உயிர் போனதும் அந்தப் பட்டறையில்தான். பாதி அடித்த வாளி மடியில் கிடக்க, சுத்தியல் அப்படியே நின்றுபோனது. முதலில் எழுந்து ஓடியவர் இவர்தான்.

இப்போதும் எழுந்தார். கையில் கட்டிய பட்டையோடு கருவியும் மேஜையிலிருந்து இழுபட்டு வந்தது. வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வந்து, சுவரில் ஓங்கி ஓங்கி அறைந்தார்.

"டேய்! செத்துட்டியாடா?"

இத்தனை வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் செருப்பை மறுபடி ஓங்கினார். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வெடித்தது.

"உன்னத் தூக்கிப் போட்டுட்டுத்தான்டா போவேன்!"

அதோடு சுத்தியல் முன்னைவிட மூர்க்கமாக விழத் தொடங்கியது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன.

அவர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி பொத்தானை அமுக்கினாள்; எண் தன்பாட்டுக்கு இறங்கி, பழைய இடத்தில் வந்து நின்றிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நூற்று எண்பத்தாறு என்று போட்டு மனுவை எழுதச் சொன்னார். சத்தம்தான் காரணம் என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னார்.

பேனாவைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இதுவரை இவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை.

பேனா எழுதவில்லை என்று சொல்லி மூடி வைத்தாள்.