ஊமைக் கட்டை

யூதர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்த அந்த நாட்களில், ஹென்னியைத் தன் பரணில் ஒளித்து வைத்திருந்தாள் பக்கத்து வீட்டு கெர்டா. சுவருக்கு அந்தப் பக்கம் ஹென்னியின் சொந்த வீடு. அதில் இப்போது ஓர் அதிகாரியின் குடும்பம் இருந்தது. மாலையானால் யாரோ அவளுடைய பியானோவை வாசிப்பார்கள். அதில் ஒரு கட்டை மட்டும் ஒலிக்காது. மகள் டில்லா சிறுமியாக இருந்தபோது பொம்மையால் அடித்து உடைத்தது. டில்லாவை ரயிலில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அதைப் பழுதுபார்க்க ஹென்னிக்கு மனம் வரவில்லை. பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் தன் முழங்காலில் விரலால் மெல்லத் தட்டிக்கொள்வாள். இன்றும் விரலைத் தூக்கிக் காத்திருந்தாள். அந்த ஓசை கணீரென்று வந்து விழுந்தது.

"ஆள் வெச்சு சரி பண்ணிட்டாங்க போல," என்று ரொட்டியோடு ஏறி வந்த கெர்டா காதோடு சொன்னாள். "இனிமே கேக்க நல்லாயிருக்கும்ல, ஹென்னி?"

தூக்கிய விரலை எங்கே வைப்பதென்று ஹென்னிக்குத் தெரியவில்லை.