அம்புக்குறி

சாப்பாட்டு மணி அடித்துத் தையல் மெஷின்கள் அடங்குகின்றன. டியூப்லைட்டின் கீழே பஞ்சுத்தூசி மிதக்கிறது. செக்கிங் மேசையில் கிடக்கும் பனியனின் சிறு கிழிசலைச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் காட்டுகிறது. நூல் பிசிறு வெட்டும்போது கத்தரியால் கிழித்தவள் சலோமி. தையலில் வந்த தப்பென்று ஸ்டிக்கரை ஒட்டியவளும் அவளே. அந்தத் தப்புக்காக, அதைத் தைத்த வேலாத்தாளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலாத்தாள் சலோமியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “எனக்காக ஒரு ஜெபம் பண்ணு கண்ணு. எங்க சாமிக்குக் காது மந்தம். நீ கேட்டா உங்க சாமி தட்டாது.” நான்தான் கிழித்தேன் என்று சொல்லவே சலோமி வாயைத் திறக்கிறாள். ஜெபம்தான் வருகிறது, தடுமாறாமல், என்றும் இல்லாத அழகோடு. முடித்துவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். முடிக்க முடியவில்லை. கண்ணீர் வழிகிறது. “போதுங் கண்ணு, எனக்காக இப்படி அழுவாத,” என்று வேலாத்தாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிடுகிறாள்.